பி.பி. நம்பர் வீடு

போத்தனூர் ஜங்ஷனில் சரக்குப் பெட்டிகளைக் கோத்துவிடும் சத்தம் எந்நேரமும் கேட்கும் ஒரு தெருவில், மதிவதனியும் அவள் கணவன் ஜெரோமும் சாமான் செட்டுகளோடு வந்து இறங்கினார்கள். பழைய வீடு. கருங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டிய சுவர், அதன் தடிமனுக்கு உள்ளே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும் என்று வீட்டுக்கார அம்மா ராமாமணி பெருமையடித்தார். குளுமை உண்மைதான். வாசற்படியைத் தாண்டியதும் செல்ஃபோனில் சிக்னல் செத்துப்போகும் என்பதை மட்டும் அவர் சௌகரியமாக மறந்துவிட்டார்.

மற்றவர்களுக்கு அது சின்னத் தொல்லை. இவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஜெரோமுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் மெஷினோடு கழிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். எங்கோ யாருக்கோ மூளைச்சாவு நேர்ந்து, அந்த வீட்டார் மனம் வைத்து, ரத்தமும் பொருந்தினால் மதிவதனியின் நம்பருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வரும்.

"எடுக்கலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிருமுங்க. எங்களால காத்திருக்க முடியாதுங்க" என்று அந்தப் பொறுப்பைப் பார்க்கும் கிருபா மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடைத்தது இந்த ஒரு வீடுதான். சிக்னல் இல்லை என்று உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை மதிவதனி. உடனே இன்டர்நெட் கனெக்ஷனுக்குச் சொல்லிவிட்டாள். கேபிள் இழுக்க வந்த ஷாநவாஸ் சுவரில் ட்ரில்லிங் மெஷினை வைத்துப் பார்த்து, கல் பொரிந்து கொட்டியதும் நிறுத்திவிட்டான். ஹாலில் ஒரு சின்ன மரப்பலகை அடித்திருந்தது. அதன் பின்னால் பழைய டெலிஃபோன் ஒயர் வந்த ஓட்டை.

"இதுலயே விட்டர்றேன்க்கா" என்றான். உள்ளே கிடந்த செத்த ஒயரை உருவிப் போட்டுவிட்டு, புது கேபிளை நுழைத்து, பலகை மேல் ரவுட்டரை வைத்தான். அவள் ஃபோனில் வைஃபை காலிங்கையும் ஆன் செய்து கொடுத்தான். டவர் தேவையில்லை, பேச்செல்லாம் ரவுட்டர் வழியாகவே வந்துவிடும்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் வந்தது. பிறகு பேசப் பேச லைன் அறுந்தது. மணியடிக்காமலே மிஸ்டு கால் விழுந்தது. மதிவதனி ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபை பாஸ்வேர்டை அழித்து மறுபடியும் போட்டாள். ஃபோனை அப்டேட் செய்தாள். எதற்கும் அது மசியவில்லை.

"ஊட்டுக்குள்ள ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போகுதுங்க்கா. ஃபோன் டவரைப் புடிக்கறதா வைஃபையைப் புடிக்கறதான்னு அல்லாடுது. ஃப்ளைட் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் ஆன்ல வெச்சுக்கங்க" என்றான் ஷாநவாஸ்.

அவன் சொன்னபடியே வைத்தாள். அன்று சாயங்காலம் சென்னிமலையிலிருந்து மாமியார் பாவாத்தாள் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்கு யாரு வந்திருக்காங்க? மத்தியானம் உனக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்து, 'இங்க அப்படி யாருமில்லீங்க'ன்னு வெச்சுப்போட்டாங்களே."

மத்தியானம் முழுக்க ஃபோன் அவள் மடியில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மாமியார் நம்பர் இருந்தது. பேசி முடித்த கால் என்று காட்டியது.

மறுநாளே ஷாநவாஸை வரச்சொல்லி, தெருவில் நின்று தன் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னாள். இவள் ஹாலில் நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடிக்கவில்லை.

திரையில் நொடி ஓட ஆரம்பித்தது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

காதில் வைத்தாள். "ஹலோ, அக்கா?" என்று ஷாநவாஸ் கேட்டான்.

"இங்க அப்படி யாருமில்லீங்க."

மரியாதையான, வயதான பெண் குரல். அது ஃபோனிலிருந்து வரவில்லை. மரப்பலகையிலிருந்து வந்தது. ஹால் முழுக்க மூக்குப்பொடி வாசனை அடித்தது.

ஷாநவாஸ் டூல்ஸ் பையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மதிவதனி நேராக ராமாமணி வீட்டுக்குப் போய் நின்றாள். மழுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

அந்த வீட்டில் முன்பு வள்ளியாத்தாள் என்று ஒரு அம்மா குடியிருந்தாராம். தெருவுக்கே அப்போது ஒரே ஃபோன், அந்தப் பலகை மேல் இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எல்லோரும் அந்த நம்பரைத்தான் எழுதி, அடுத்த வீட்டு ஃபோன் என்பதற்காகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். யாருக்கு ஃபோன் வந்தாலும், "லைன்ல இருங்க, கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவாராம். அப்படிப்பட்டவருக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் குழாயடியில் தகராறு. அந்தக் கோபத்தில், எதிர்வீட்டுக்கு வந்த ஒரு ஃபோனுக்கு, "இங்க அப்படி யாருமில்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு ஈ காக்கா அந்த அம்மாவோடு பேசவில்லை. ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஒருநாள் செத்துக்கிடந்தார்.

"ஒரு பூஜை போட்டுப் பாக்கலாங்களா அம்மணி? இல்லைன்னா வேற ஊடு பாத்துக்கறீங்களா?"

"நான் எதுக்குங்க போவோணும்? போய்ச் சேர்ந்தது அவங்க. அவங்க போகட்டும்" என்று சொல்லிவிட்டு மதிவதனி வந்துவிட்டாள்.

அந்த ஃபோன் ஒரு மத்தியானத்தில் வந்தது. டயாலிசிஸ் முடிந்த அசதியில் ஜெரோம் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். மேசையில் கிடந்த ஃபோனில் சத்தமே இல்லாமல் நொடி ஓடியது. மேலே 'கிருபா மேடம்' என்று இருந்தது.

பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

"மதிவதனிங்களா? ஆஸ்பத்திரியில இருந்துங்க—"

"இங்க அப்படி யாருமில்லீங்க."

"இருக்கேனுங்க மேடம்! நான்தானுங்க பேசறேன்!"

அவள் கத்தியது அந்தப் பக்கம் போகவில்லை.

"ஜெரோம் வீடு இல்லீங்களா? அர்ஜென்ட்டுங்க" என்றார் கிருபா.

தெருவுக்கு ஓடினால் வைஃபை விட்டுப்போய் லைன் அறுந்துவிடும். ஃபோன் மறுபடி டவரைப் பிடிப்பதற்குள் சிறுநீரகம் வேறொருவருக்குப் போய்விடும். மதிவதனி ஓடவில்லை. பலகைக்கு நேராகப் போய் நின்றாள். பயம் போன இடம் தெரியவில்லை, அவ்வளவு ஆத்திரம். பிறந்ததிலிருந்து வயதில் மூத்த யாரையும் அவள் ஒருமையில் பேசியதில்லை.

"அன்னிக்கு ஒருத்தியோட தாலியை அறுத்தியே, பத்தலையா? இன்னிக்கு என்னோடதுமா வேணும்? நான் பூசாரியையும் கூப்புட மாட்டேன், ஊட்டையும் காலி பண்ண மாட்டேன். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இதே இடத்துல உக்காந்து நீ செத்தும் நிம்மதியா இருக்க உடமாட்டேன். தெருவுக்கே ஆளைக் கூப்புட்டு உட்டவதானே நீ? இதோ, ஆளு முன்னால நிக்கறேன். கூப்புடு!"

"சரிங்க, அப்ப நாங்க அடுத்தவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் கிருபா.

ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

மூக்குப்பொடி வாசனை முகத்துக்கு நேராக வந்தது.

"லைன்ல இருங்க. கூப்புடறேன்."

பலகைக்கு அடியிலிருந்து செருப்புத் தேயும் சத்தம் கிளம்பியது. மெதுவாக வந்து அவள் கால்மாட்டில் நின்றது. காது மடலில் ஜில்லென்று மூச்சு பட்டது.

"அம்மணி, உங்களுக்கு ஃபோனுங்க."

"ஹலோ? மதிவதனிங்களா?" என்றார் கிருபா.

"ஆமாங்க மேடம், நான்தானுங்க!"

"உடனே கிளம்பி வாங்க. அவருக்குச் சாப்பிட எதுவும் கொடுத்துராதீங்க."

அவள் பேசி முடிக்கும் வரை ரவுட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

இருட்டும் நேரத்தில் ஜெரோமை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நீளமான நடை, வரிசையாக இரும்பு நாற்காலிகள், டெட்டால் நெடி. மதிவதனி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஃபோனில் சிக்னல் முழுசாக இருந்தது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மாமியார் கூப்பிட்டார்.

"கண்ணு, இப்பத்தான் உனக்குப் போட்டேன். அந்தம்மாவே எடுத்தாங்க. நல்லா மரியாதையாப் பேசினாங்க. 'அவளுக்கு வேறொரு ஃபோன் வந்திருக்குங்க, ஜெரோம் லைன்ல இருக்காரு, அவளைக் கூப்புடத்தான் போறேன்'னாங்க. ஏங்கண்ணு, அதுக்குள்ள அவனுக்கு நெனப்பு திரும்பீருச்சா?"

ஜெரோமின் ஃபோன் அணைந்தபடி அவள் கைப்பைக்குள் இருந்தது. ஜெரோம் வயிறு கிழிபட்டு உள்ளே கிடந்தான்.

நடையின் கோடியில் செருப்பு தேய்ந்தது.

யாரையும் காணோம். சத்தம் மட்டும் நாற்காலி வரிசையை ஒட்டி வந்தது.

டெட்டால் நெடியை மீறி மூக்குப்பொடி வாசனை.

"அம்மணி, உங்களுக்கு ஃபோனுங்க. தம்பி சொல்லிட்டுப் போகோணும்ங்கறாரு."

தியேட்டர் கதவுக்குள் ஆட்கள் ஓடுகிற சத்தமும், ஏதோ மெஷின் விடாமல் கூவுகிற சத்தமும் கேட்டன. அவள் எழுந்து நின்றாள்.

"எடுக்க மாட்டேன். எங்கிட்டச் சொல்லாம அந்தாளு எங்கியும் போமாட்டாரு. பேசோணும்னா வெளிய வந்து, என் மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லு. லைனை வெச்சுப்போடு."

அவள் குரலை உயர்த்தினாள்.

"வெச்சுப்போடுன்னேன்!"

எங்கோ பக்கத்தில், ரிசீவரை அதன் இடத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே கூவிக்கொண்டிருந்த மெஷின் ஒரு கணம் நின்று, பிறகு விட்டுவிட்டு அடித்து, சீரானது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்திலிருந்து மாஸ்க்கை இறக்கினாள்.

"நடுவுல ரொம்பப் பயமுறுத்திப்போட்டாருங்க. இப்ப நல்லா இருக்காரு. புது கிட்னி வேலை செய்யுது."

மதிவதனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"ராத்திரிக்கு ஒருத்தர்தான் தங்கலாமுங்க. ரெண்டு பேரை உடமாட்டாங்க. அந்தம்மாவை ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க."