பச்சைக் கட்டம்

கேமரா திரையில் அந்தப் பச்சைக் கட்டம் முதலாளியின் கண்ணில் நிற்க மறுத்தது.

எதிரே இருக்கும் ஆளின் கண்ணைத் தானாகவே தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும் கட்டம் அது. முதலாளி புருஷோத்தமனின் முகத்தில் ஒரு நொடி தங்கியது. பிறகு அவர் தோளைத் தாண்டி, கூடத்தின் கடைசி மேசைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஷோபா லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் அங்கேதான்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. ஜூன் மாதம், சாயங்காலம் நாலு மணி. தகரக் கூரைக்குக் கீழே நீராவியும் புளித்த தோலும் கொதிக்கிற சர்க்கரையின் வாடையும் கலந்து தொண்டையில் பசைபோல ஒட்டியது. கன்வேயர் பெல்ட் எங்கோ விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வரிசைப் பெண்கள் நீலத் தொப்பியும் ஈர ஏப்ரனுமாகக் குனிந்து பெங்களூரா மாம்பழத்தைச் சீவிக்கொண்டிருந்தார்கள். ஷோபா ஒரு பத்திரிகைக்காக எடுக்கும் முதல் படம் இது. ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும். கண் தெளிவாக இல்லையென்றால் அடுத்த முறை வேறு ஆளை அனுப்புவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார்.

"பொம்பளைங்க பின்னாடி இருக்கட்டும்மா, வேலை நடக்கிறது தெரியணும்," என்றார் முதலாளி. "மூஞ்சி மட்டும் தெரியக்கூடாது. மங்கலாக்கிடு."

முன்வரிசையில் செல்லியம்மா கத்தியை நிறுத்தாமலே கேட்டாள். "பாப்பா, எங்க மூஞ்சியெல்லாம் கூழாக்கிடுவியாமே? டப்பாவுல அடைச்சி வித்துடப் போறாரு, ஜாக்கிரதை."

பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கங்கையா "ஏய்" என்றதும் சிரிப்பு அறுந்தது.

ஷோபா சிரிக்கவில்லை. போன ஜூனில் இதே கூடத்தில் கூழ் கொதிக்கும் தொட்டியில் விழுந்து செத்தவள் தரணி. பாலசமுத்திரத்தில் ஷோபாவுக்கு எதிர்வீடு. பத்தாவதுவரை ஒரே பெஞ்ச். அப்படி ஒரு பெயரில் யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொடுத்து அவள் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். அது தெரிந்துதான் ஷோபா வந்திருந்தாள். வந்து, "வணக்கம் சார்" என்றும் சொன்னாள். அந்த வணக்கம் இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

கட்டத்தை அணைத்துவிட்டு, லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பி, அவர் கண்ணுக்குத் தெளிவு வைத்து எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர் கண் தெளிவு. பின்னால் எல்லாம் கரைந்திருந்தது. கடைசி மேசையில் ஒருத்தியைத் தவிர. அவள் தொப்பிக்கு வெளியே வந்த முடியை எண்ணலாம். இமையில் நின்ற நீரை எண்ணலாம். லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு முகத்தின் ஆழத்துக்குமேல் தெளியாது. பி.எஸ்சி. ஃபிசிக்ஸில் போட்ட கணக்கு. இது நடக்க முடியாது.

நிமிர்ந்தாள். கடைசி மேசை காலி.

"கங்கையாண்ணா, அந்தக் கடைசி மேசையில யாரு?"

"அங்க எவளும் நிக்கமாட்டாம்மா. ஒரு வருசமா அப்டியே கெடக்குது."

இன்னொரு படம். அவளுடைய உதட்டு வெடிப்புகூடத் தெரிந்தது. தரணி. முதலாளியின் கண் மங்கியிருந்தது. ஓடிவிடலாம். ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்று கொதித்தது.

"சார், தரணி எந்த மேசையில நின்னா?"

பெண்களின் கத்திகள் நின்றன.

"எவ அவ? அந்த மாதிரி யாரும் இங்க இருந்ததே இல்ல. தொந்தரகா கானிம்மா, சீக்கிரம் முடி."

ஷோபா கேமராவை மறுபடி தூக்கினாள். வளையத்தைத் திருப்பினாள். திரையில் அவர் காது கரைந்தது. திருப்பினாள். மூக்கு. நிறுத்தலாம். நிறுத்தவில்லை. கண்கள். வாய்.

கேமராவை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டை தெளிவு. பையில் பேனா தெளிவு. பின்னால் பெண்கள், ஒவ்வொரு முகமும், தெளிவு. கடைசி மேசையில் ஒரு கத்தி மட்டும் சீவிக்கொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை.

சட்டைக் காலருக்குமேல் முகம் இல்லை. ஒரு மங்கல். அசைந்தது.

"இன்னாம்மா அப்டிப் பாக்குற? நல்லா வந்துச்சா?"

கங்கையா தண்ணீர் டம்ளரோடு வந்தார். நின்றார். சுற்றிலும் தேடினார்.

"முதலாளி எங்கம்மா? இது யாரு?"

"டேய், நான்தாண்டா!"

முதலாளி கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைத்தார். துடைத்த பக்கமெல்லாம் அந்த மங்கல் இழுபட்டது. காலர்வரை. தோள்வரை. அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார்.