ஊதாக் கட்டம்

பிள்ளை எழுந்து போன பிறகும் கட்டம் எழுந்து போகவில்லை.

சிஸுரு வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுத் திண்டு காலியாகத்தான் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பையன் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு ஜூஸ் வேண்டும் என்று கத்துவது திரைக்கு அப்பாலிருந்து கேட்டது. ஆனாலும் திண்டுக்கு மேலே, உட்கார்ந்த பிள்ளையின் முகம் இருக்கும் உயரத்தில், முகத்தைக் கண்டால் கேமரா போடும் சின்னக் கட்டம் ஒன்று மெல்ல அசைந்தபடி நின்றது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மூச்சு விடுகிறவர்களின் தலை அசைவது போல. ஆனைக்கும் அடி சறுக்கும், கேமராவுக்குச் சறுக்காதா என்று நினைத்துக்கொண்டு அவள் பட்டனைத் தட்டி அணைத்தாள்.

புதுக் கேமரா வந்து இரண்டு மாதமாகியும் கை பழகவில்லை. பழையதில் உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது. பிள்ளையின் முகத்தில் பட்ட வெளிச்சமே நேராக வந்து அவள் கண்ணில் விழும். இதில் கண்ணாடி கிடையாது. உள்ளே இருப்பது ஒரு குட்டித் திரை. பிள்ளை எதிரில் நிற்கும்போதே பிள்ளையின் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. புது லென்ஸோ இடம் வலம் மாறித் திரும்புகிறது. கிட்டே கொண்டுவர நினைத்து வளையத்தைத் திருப்பினால் பிள்ளை தூரமாக ஓடிவிடுகிறது. ஷட்டரிலும் சத்தம் இல்லை. சத்தம் கேட்காவிட்டால் பிள்ளைகளுக்குப் படம் எடுத்தது தெரிவதில்லை என்பதால், அவளே வாயால் "கசக், கசக்" என்று சொல்லிக்கொண்டு படம் எடுத்தாள். சாயங்காலம் ஆனால் தோள்பட்டையோடு சேர்ந்து தொண்டையும் வலித்தது.

"கட்டத்த நம்பும்மா," என்பார் ஸ்டூடியோ முதலாளி தொகுனாகா. "கண்ணு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். உன் கண்ணுக்கு நாப்பது வயசு ஆவப்போவுது. அதுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது."

"எனக்கு முப்பத்தெட்டுதான் சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கட்டத்தில் இரண்டு நிறம் உண்டு. எந்த முகத்தைக் கண்டாலும் கேமரா அதன்மேல் வெள்ளைக் கட்டம் போடும். ஒரு முகத்தை முன்கூட்டியே எடுத்துப் பதிந்துவைத்தால் அந்த முகத்துக்கு மட்டும் ஊதாக் கட்டம். தம்பி, தங்கை, பாட்டி, சித்தப்பா என்று கூட்டமாக நின்றாலும் கேமரா அந்த ஒரு பிள்ளையை விடாமல் துரத்தும். ஷிச்சிகோசான் பருவத்தில் இது பெரிய வசதி. மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கோவிலுக்குக் கூட்டிப்போகும் நவம்பர் நெரிசலுக்குப் பயந்து, ஊரே செப்டம்பரில் ஸ்டூடியோவுக்கு வந்து படத்தை முதலில் எடுத்துக்கொண்டுவிடும். கோவில் அப்புறம். படமெடுத்து முடிந்ததும் பதிந்த முகத்தை அழித்துவிட வேண்டும். சில நாள் சிஸுருவுக்கு அதற்குக்கூடத் தெம்பு இருக்காது.

இன்னொரு நாள், திரை மாற்றும்போது, காலியான பின்னணியின் முன்னால் கட்டம் மறுபடியும் நின்றது. இந்த முறை அவள் நிறத்தைப் பார்த்தாள். ஊதா.

பதிந்த முகங்களின் பக்கத்தைத் திறந்தாள். அன்றைய பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. தபால்தலை அளவில் ஒரே ஒரு முகம்தான் மிச்சமிருந்தது. அயானே. ஏழு வயது, செப்டம்பரில் வந்தவள், சிரிக்கச் சொன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு முறைத்தவள். அழிக்க மறந்துபோயிருக்கிறது. இப்போதே அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது தொகுனாகா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை.

"சிஸுரு, செப்டம்பர்ல வந்துச்சே, அயானேன்னு ஒரு பொண்ணு. காய்ச்சல்ல போயிடுச்சாம். அவங்கம்மா வந்திருக்காங்க. எடுத்த படம் எல்லாத்தையும், சரியா வராததையும் பாக்கணுங்கறாங்க."

அந்த அம்மா கறுப்புக் கோட்டில் வந்திருந்தாள். தொந்தரவு தருகிறோமே என்று ஒரு பெட்டி இனிப்பு வேறு வாங்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கண் மூடிய படம், தும்மிய படம், முதுகு காட்டிய படம் என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் கேமராவின் முதுகுத் திரையில் இருந்த அந்தத் தபால்தலை முகத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சிஸுரு விளக்கினாள். இன்றைக்கு அழிக்கப்போவதாகவும் சொல்லிவிட்டாள், வாய் தவறி.

"அழிச்சிடாதீங்க," என்றாள் அந்த அம்மா. "அது தேடட்டுங்க. இன்னும் ஒண்ணாச்சும் அவளத் தேடிட்டிருக்குதேன்னு இருக்கும்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோவிலுக்குப் போக நாள்கூடக் குறிச்சிருந்தோம். போட்டோதான் முடிஞ்சுது," என்றாள்.

சிஸுரு சரி என்றாள். வேறு என்ன சொல்வது? பெற்றவள் கேட்கிறாள்.

நவம்பர் பிறந்ததும் வேலை கோவிலுக்கு மாறியது. மலைச்சரிவில் கோவில். கீழே சிவப்பு மர வாயில், அங்கிருந்து மேலே செங்குத்தான கல்படிகள், இருபுறமும் கிங்கோ மரங்கள். உதிர்ந்த பழங்கள் காலடியில் நசுங்கி, புளித்த வாந்தி நாற்றம் அடிக்கும். பெண் பிள்ளைகளின் மரச்செருப்புக்குள் ஒரு குட்டி மணி இருக்கும். அடி வைக்கும்போதெல்லாம் சிலுங் சிலுங் என்று ஒலிக்கும். அந்த நாற்றத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் நடுவில், நீள லென்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வாயால் கசக் கசக் என்று சொல்லியபடி ஏறி இறங்குவதே அவள் பிழைப்பாக இருந்தது.

ஊதாக் கட்டமும் அங்கே வந்துவிட்டது.

வாயிலுக்கு அடியில், வலப்பக்கத் தூணை ஒட்டி நிற்கும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில். குடும்பங்கள் அதைத் தாண்டிப் படியேறும். யாராவது ஒரு பிள்ளை பக்கத்தில் போனால், கட்டமும் அதன் பக்கம் கொஞ்சம் சாயும். பிள்ளை படியில் கால் வைத்ததும் மறுபடி தூணுக்கே போய்விடும். கேமராவைத் தாழ்த்திப் பார்த்தால் தூண், சருகு, ஈரக் கல். முதல் நாள் சிஸுரு அந்தத் தூண் பக்கமே போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவள் அதைப் பழகிக்கொண்டாள், லென்ஸ் இடம் வலம் மாறித் திரும்புவதைப் பழகிக்கொண்டதைப் போலவே. களைத்துப் போனவர்களுக்குப் பயப்படக்கூடச் சக்தி வேண்டும் அல்லவா?

கிமோனோ கட்டிவிடும் ஒகானோ அக்காவிடம் மட்டும், மதியம் சோற்றுருண்டை தின்றபோது, பட்டும் படாமலும் கேட்டாள்.

"ஏழு முடியறதுக்குள்ள போயிட்ட பிள்ளைங்க என்னக்கா ஆவும்?"

"ஏழு வரைக்கும் பிள்ள நம்மளுது இல்லடி, சாமிது," என்றாள் ஒகானோ, வாய்ச் சோற்றை மென்றபடி. "ஏழுல கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயி, இனிமே எங்களுதுன்னு கேட்டு வாங்கிட்டு வரணும். கேட்டு வாங்கலன்னா சாமிகிட்டயும் இல்ல, வீட்டுலயும் இல்ல, ரெண்டுங்கெட்டான்தான். அது சரி, உன் பொண்ணுக்கும் ஏழுதான? ஊர்ப் பிள்ளயெல்லாம் அலங்காரமா நிக்குது, போட்டோக்காரி பெத்ததுக்கு ஒரு போட்டோ இல்ல!"

அது உண்மை. கோஹாருவுக்கு ஏழு. தகப்பன் ஒசாகாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். தினமும் தூங்கப்போகும் நேரத்தில்தான் அவள் அம்மாவைப் பார்க்கிறாள். "என்ன எப்பம்மா எடுப்ப?" என்று கேட்பதையும் இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் கேமராவைத் தொட சிஸுருவுக்குக் கை கூசும். அந்தக் கேமரா கோஹாருவின் முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகைதான் வந்தது.

கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு வார நாளில் தொகுனாகா அரை நாள் விடுப்பு கொடுத்தார். "கேமராவயும் எடுத்துட்டுப் போ. வாடக கேக்க மாட்டேன், பயப்படாத." ஒகானோ அக்கா சிவப்புக் கிமோனோ கட்டி, தலையில் பூ செருகி அனுப்பினாள். மதியம் மூன்று மணிக்கே வெயில் மங்கலாகிவிட்டிருந்தது. கோவிலில் யாரும் இல்லை. காகம் ஒன்று எங்கோ மரத்துக்குள்ளிருந்து கரைந்துகொண்டிருந்தது. கோஹாரு படிக்குக் கீழே நின்று, கையில் மிட்டாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தாள்.

"அம்மா, இங்க நின்னா போதுமா?"

சிஸுரு கேமராவை உயர்த்தினாள். ஊதாக் கட்டம் தூணருகே இருந்தது. அதையே பிடித்துக்கொண்ட கேமரா மகள் பக்கம் திரும்பவேயில்லை. கோஹாருவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு இரக்கம் வந்தது. இத்தனை நாள் இத்தனை பிள்ளைகள் ஏறிப்போனதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது. கூட்டிப்போக ஆள் இல்லாமல். ஒரு பிள்ளையோடு இன்னொரு பிள்ளையும் ஏறினால் படி தேய்ந்தா போகும்?

"சரி, நீயும் வா," என்றாள் சிஸுரு மெதுவாக.

"யாரும்மா?"

"யாருமில்லடா. பைய என்கிட்ட குடு, இந்தக் கைய வெறுமனே வெச்சுக்கோ. போலாம்."

படியேறினார்கள். ஒரு பக்கம் கோஹாருவின் கையை அவள் பிடித்திருந்தாள். மகளின் மறு கை காற்றில் கொஞ்சம் தள்ளி நீண்டிருந்தது, எதையோ பிடித்திருப்பதுபோல. மணி ஒலித்தது. சிலுங் சிலுங். அதற்கு ஓர் இழை பின்னால் இன்னொன்று. சிலுங் சிலுங். பாதிப் படியில் கோஹாரு தடுமாறினாள். சிஸுரு கையை இறுக்கிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்புறம் ஒரு மணிச் சத்தம்தான் கேட்டது.

மேலே போய்க் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, இனிமேல் இவள் எங்களுடையவள் என்று மனசுக்குள் சொல்லி, மறுபடி குனிந்தாள். நெஞ்சு லேசாக இருந்தது. மாதக்கணக்கில் சுமந்த களைப்பில் ஒரு பங்கை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"இப்ப அம்மா எடுக்கறேன். சிரி பாக்கலாம்."

பிள்ளை படி விளிம்பில் போய் நின்றது. அவள் கேமராவை உயர்த்தினாள். கேமரா தயங்கவில்லை. டக்கென்று முகத்தில் கட்டம் விழுந்தது. கண், இமை, நெற்றியில் விழுந்த முடி என அத்தனையும் துல்லியம்.

ஊதா.

ஆள் மாற்றிப் பார்க்கிறது. வயது ஒன்று, அலங்காரம் ஒன்று. பட்டனை விட்டு மறுபடி அழுத்தினாள்.

ஊதா.

அணைத்துப் போட்டாள்.

ஊதா.

"சிரிம்மா," என்றாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தது.

அப்போதுதான் திரையின் கீழ் மூலையில் இன்னொரு கட்டம் தெரிந்தது. தூரத்தில், படிகளுக்குக் கீழே, சிவப்பு வாயிலின் தூணருகே. மிகச் சிறியது.

வெள்ளை.

கேமராவுக்குத் தெரியாத முகம்.

சிஸுரு கேமராவைத் தாழ்த்தினாள். கீழே யாரும் இல்லை. தூண். சருகு. ஈரக் கல். மறுபடி கண்ணில் வைத்தாள். லென்ஸ் வளையத்தைத் திருப்பினாள். தப்பான பக்கம். வாயில் தூரமாக ஓடியது. இந்தப் பக்கம் திருப்பினாள். வெற்று இடம் கிட்டே வந்தது. அதன் நடுவே வெள்ளைக் கட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கோஹாரு," என்றாள். "கோஹாரு!"

அவள் விரல்களுக்குள் சில்லென்ற ஒரு சின்னக் கை நுழைந்து இறுகப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, எனக்கும் ஏழு முடிஞ்சிடுச்சுல்ல?" என்றது பக்கத்திலிருந்த பிள்ளை. "வீட்டுக்குப் போலாமா?"

வியூஃபைண்டருக்குள் வெள்ளைக் கட்டம் முதல் படியில் ஏறியது. சறுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது.