கூரை வரம்பு

உச்சிப்பொழுதுக்குக் கால் மணி இருக்கையில் துளசிமணி தெருவில் இறங்கினாள். அவளைக் கண்டதும் வாசல்களில் கட்டியிருந்த படுதாக்களைச் சுருட்டினார்கள். மாட்டுக்கு நிழலாகக் கட்டிய கீற்றை ஒருவர் முணுமுணுத்தபடி இறக்கினார். சரியாகப் பன்னிரண்டுக்கு வான்விழி வந்து நின்றது. ஊரார் அதை ட்ரோன் என்ற பழைய பெயரிலேயே திட்டுவார்கள். தரையில் விழுந்த நிழலையெல்லாம் அளந்து, அவள் மணிக்கட்டுத் திரையில் ‘வரம்புக்குள்’ என்று காட்டிவிட்டுப் பறந்தது.

மேற்கு மாநகரம் வீங்கிக்கொண்டே காங்கேயம் வரை வந்து முட்டியபோது பிறந்த சட்டம் இது. கிளுவை வேலிக்குள் மாடு மேயும் கொறங்காட்டில் இனி ஒரு செங்கல்லும் ஏறக்கூடாது. ஊருக்கு இவ்வளவு கூரை என்று ஒரு வரம்பு. புதிதாக ஒன்று எழுந்தால் பழையது ஒன்று விழ வேண்டும். எது விழுவது என்று ஊர்க்காரர் ஒருவரே கைரேகை வைத்துக் குறிப்பார். அவருக்கு நிழல் காவலர் என்று பெயர். அதிகாரிகளின் கையில் தூசி படாமலிருக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

நிழல் காவலராக இருந்த ஏழு வருடத்தில் துளசிமணி மூன்று வீடுகளைக் குறித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு இரண்டு. மூன்று குடும்பமும் மாநகரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஊர் நன்மைக்குத்தானே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்று பிற்பகல், இந்தச் சட்டத்தை நடத்தும் காப்பு வட்ட அதிகாரி ஹர்ஷவர்தன் வந்தார். சாணி ஒட்டாமலிருக்கக் காலணிக்கு மேல் உறை மாட்டியிருந்தார். ஆட்டுப்பட்டியின் பக்கம் நின்று மூச்சை இழுத்து, “ஆஹா, மண்வாசனை!” என்றார். அது புழுக்கை வாசனை என்று துளசிமணி சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அந்த ஆள் மேல் அவளுக்கு மதிப்பில்லை.

ஊரின் கிழக்கே ‘மௌன இல்லம்’ எழுந்து நின்றது. மாநகரத்துக்காரர்கள் வாரக் கடைசியில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காம். பேசாமலிருக்க எதற்கு ஊர் விட்டு ஊர் வர வேண்டும் என்று ஊரில் சிரித்தார்கள். திறக்கும் நாள்வரை அதன் கூரையைக் கணக்கில் சேர்க்காமலிருக்க விலக்கு வாங்கியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

“இதுக்கு ஈடா ஒரு கூரை வேணும். லோகேஸ்வரன் வீடு சரியா இருக்கும், அளவு பாத்துட்டேன்” என்றார் அதிகாரி.

“அவிய ஊட்டுல கொழந்த பொறந்து பதினோரு நாளுதானுங்க ஆவுது.”

“அதனால என்னம்மா? குழந்தை வளர்றதுக்கு அடுக்குமாடிதான் நல்லது. இங்கே என்ன வசதி இருக்கு?”

“அப்பறம் ஏனுங்க நீங்கெல்லாம் இங்க வாறீங்க?”

அவர் சிரித்தார். கேள்வி அவருக்குப் புரியவே இல்லை.

கூரைகளைப் பிரித்தெடுக்கும் பெயர்ப்பான் எந்திரம் எட்டுக்கால்களை மடக்கித் தெருமுனையில் காத்திருந்தது. துளசிமணி திரையில் ஊரின் வரைபடத்தை விரித்தாள். ஒவ்வொரு கூரையும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்தையும் குறிக்கலாம். காவலர் குறித்ததை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை என்று சட்டமே சொல்கிறது. அவள் மௌன இல்லத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தினாள்.

எந்திரம் நிதானமாக எழுந்து கிழக்கே நடந்தது. பேசாமலிருக்க வந்த விருந்தாளிகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஹர்ஷவர்தன் காலணி உறை கழன்றதைக்கூடக் கவனிக்காமல் “நிறுத்து! நிறுத்து!” என்று எந்திரத்தின் பின்னால் ஓடினார். அரை மணியில் மரச்சட்டங்கள் நீளவாரியாக அடுக்கப்பட்டுக் கிடந்தன. ஊர் முழுக்கக் கைதட்டியது. லோகேஸ்வரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்கு அவள் தயாராகவே இருந்தாள். மூன்றே வாரத்தில் மௌன இல்லம் மறுபடி எழுந்தது. அதற்கும் தயார்தான்.

நான்காவது வாரம் காலையில் லோகேஸ்வரன் அவள் வாசலில் வந்து நின்றான். மணிக்கட்டில் காவலர் திரை இருந்தது. தெருமுனையில் எந்திரம் காத்திருந்தது.

“அக்கா... எங்க ஊடு, இல்லீன்னா உங்க ஊடுன்னு சொல்லிப் போட்டாங்க. ஊருக்குள்ள எல்லாருமே நீங்கதான் ஒண்டியாளுன்னு...” அவன் தலை குனிந்திருந்தது.

தெருவைப் பார்த்தாள். அன்று கைதட்டியவர்கள் அவரவர் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் யார் மேல்? அவள் குறித்த மூன்று வீட்டுக்காரர்களும் இப்படித்தான் வாசலில் நின்று அவளைப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் இந்தத் தெரு கதவுக்குப் பின்னால்தான் நின்றது. சட்டம் போட்டவர்களுக்கு ஒருபோதும் இந்தத் தெருவுக்கு வரத் தேவையே இல்லை.

அவன் விரல் திரைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

“மொதத் தடவ கை நடுங்கும்டா, லோகேசு” என்றாள் துளசிமணி. “ரெண்டாந்தடவ நடுங்காது. நான் பாத்துட்டேன்.”