நூறும் சொத்தை

தட்டில் இருபத்தைந்து விதைகள்தான் இருக்க வேண்டும். அவள் எண்ணியபோது இருபத்தாறு இருந்தன.

மறுபடி எண்ணினாள். ஈர வடிதாளின் மேல் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகள். காலையில் அவளே இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்த வெளிர்மஞ்சள் விதைகள். அவற்றின் நடுவே கறுப்பாக ஒன்று. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கத்தில் நகத்தால் கிள்ளியது போல் சிறு பள்ளம்.

அந்தப் பள்ளத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

போன மாதம் அவள் சோதித்தது ஒரு காட்டுக்கொடியின் விதை. அது வளர்ந்த மலைச்சரிவைக் கல்லுக்காக வெட்டித் தீர்த்தாகிவிட்டது. உலகத்தில் மிச்சமிருந்தது இந்த விதை வங்கியின் குளிரறையில் ஓர் உறை மட்டும். அதிலிருந்து நூறு விதைகளை எடுத்து நான்கு தட்டுகளில் வைத்தாள். பதினான்கு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. முளைக்காததெல்லாம் செத்தது என்று அர்த்தமில்லை, சில விதைகள் தூங்கும். அதனால்தான் கடைசி நாளில் ஒவ்வொன்றையும் இடுக்கியால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நசுங்கினால் சொத்தை. நசுங்காவிட்டால் கெட்டி, உயிர் இருக்கிறது.

அவள் மூன்றைத்தான் அமுக்கினாள். மூன்றும் கெட்டி. கெட்டி என்று எழுதினால் இன்னும் ஆறு வாரம் தினமும் அதன் தலைமாட்டில் உட்கார வேண்டும். வெளியே வண்டிக்கு நேரமாகியிருந்தது. 'கெட்டி 0, சொத்தை 100' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோதித்த நூறும், உறையில் இருந்த மிச்சமும், நீராவியில் வெந்து குப்பைக்குப் போயின.

குளிரறைக் கதவு திறந்து வெண்புகையோடு அக்கா வெளியே வந்தாள். உடன்பிறந்த அக்காதான். குளிரறை முழுக்க அவள் பொறுப்பு. தங்கைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

"என்னடி, தட்டை அப்படி முறைக்கிற? முளைக்க மாட்டேன்னு அடம் பிடிக்குதா?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா தடித்த மேலங்கிக்கு மேலேயே கையைச் சொறிந்தாள். "ஒரே அரிப்பு. கையிலயும் கால்லயும். உள்ளே போய் உட்கார்ந்தா அடங்குது, வெளியே வந்தா ஏதோ ஊருது. உங்க மாமாவுக்கு இது கிண்டலா இருக்கு. பேசாம பிரிட்ஜுக்குள்ளயே குடித்தனம் பண்ணுங்கிறாரு."

"போன மாசம் அந்தக் கறுப்பு விதையை அள்ளி வேகவைக்கக் கொட்டினியே. கையுறை போட்டிருந்தியா?"

"சொத்தைக்கு எதுக்குடி கையுறை? நீதானே நூறும் சொத்தைன்னு எழுதிக் கொடுத்த." சிரித்துக்கொண்டே அக்கா உள்ளே திரும்பிப் போனாள். கதவு ரப்பர் விளிம்போடு பொத்தென்று ஒட்டிக்கொண்டது.

மதிய வெயில் மேசைமேல் நீளமாக விழுந்திருந்தது. ஈரத்தாளின் பழக்கமான மணத்துக்கு அடியில் வேறொரு வாசனை, துருப்பிடித்த இரும்பைப் போல, மெல்லக் கிளம்பி அவள் மூக்கின் ஓரத்தில் தங்கியது. அவள் கறுப்பு விதையை இடுக்கியால் அமுக்கினாள்.

நசுங்கவில்லை.

கண்ணாடித் துண்டின் மேல் வைத்து பிளேடால் இரண்டாக வெட்டினாள். உள்ளே பால்வெள்ளை. பிளேடின் விளிம்பில் சிவப்பு.

குளிரறைக்குள் அக்கா அலறினாள்.

இடுக்கியைக் கையில் பிடித்தபடியே அவள் ஓடினாள். உள்ளே விசிறிகளின் இரைச்சல். அலமாரிகளுக்கு நடுவே, தரையில், மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலடி. தானா கிழிஞ்சுது."

முன்கையில் தோலுக்கு அடியில் கறுப்புப் புடைப்புகள். வரிசைக்கு ஐந்து. ஐந்து வரிசை. இடைவெளிகூட அவள் வைக்கும் அதே இடைவெளி. நடுவில் ஒன்று மட்டும் இரண்டாகப் பிளந்து, ரத்தம் மணிக்கட்டுவரை ஓடி உறைந்திருந்தது. மற்றொரு கையிலும் அதே வரிசைகள். கால்களைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பிடுங்கிப் பார்த்தேன். வேர் பிடிச்சிருக்கு. இழுத்தா பல்லு வலிக்குது." அக்காவின் உதடு நீலமாக இருந்தது. "இந்தக் குளிர்ல இன்னும் உட்கார முடியாதுடி, செத்துடுவேன். வெளியே போகலாமா? சூடு பட்டா முளைச்சிடுமோன்னு பயமா இருக்கு. நீ அமுக்கிப் பாரு. சொத்தைதானே? சொத்தைன்னா பயமில்ல."

அவள் இடுக்கியை வைத்தாள். அமுக்கினாள்.

கல்.

அடுத்தது. கல். அடுத்ததும்.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது போல. சொல்லிவிடலாம். இப்போதாவது. வாயைத் திறந்தாள்.

"சொத்தைதான்க்கா. நூறும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். அலமாரியைப் பிடித்து எழுந்தாள். "நல்லவேளை. பயந்தே போயிட்டேன்." கதவைத் தள்ளினாள். வெயிலுக்குள் நடந்தாள்.

முதலில் சத்தம்.

டிக்.

விதையின் ஓடு வெடிக்கும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். டிக். டிக். பிறகு எண்ண முடியாதபடி. அக்கா நின்றாள். தோல் வரிசை வரிசையாகப் பிளந்தது. கைகள். கால்கள். ரத்தம் மேசை வரைக்கும் தெறித்தது. அக்கா கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கொழுந்து அசைந்தது.

அக்கா விழவில்லை. வேர்கள் அவளை நிற்க வைத்திருந்தன.

ஜன்னலில் அவ்வளவு வெளிச்சம். ஆனால் ஒரு முளைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஈரமாக, சிவப்பாக, ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, நூறும் தங்கையின் பக்கம் வளைந்தன.