ஆறாம் தட்டு

மண்டையோட்டின் பல்லிடுக்கில் பச்சரிசி இருந்தது. நாலே நாலு மணிதான். வைத்தியலிங்கம் இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எலி அரிசியைத் தின்னும். கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகாது. கல்லூரியில் உயிரியல் நடத்துபவருக்கு அது தெரியாமலில்லை.

மறுநாள் பி.யு.சி. வகுப்புக்கு அரையாண்டுச் செய்முறைத் தேர்வு. நீள மேசையில் ஆறு தட்டு, தட்டுக்கு ஒரு பொருள். மாணவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று, அது இன்னது என்றும் அப்படிச் சொல்ல இரண்டு அடையாளங்களும் எழுதி, மணி அடித்ததும் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். முதல் தட்டில் இஞ்சி, இரண்டில் வெங்காயம், மூன்றில் அரியலூர்ப் பக்கம் பொறுக்கிய, கல்லாகிப்போன கடல் நத்தை, நான்கில் நியாண்டர்தால் மனிதனின் பிளாஸ்டர் மண்டை. ஐந்தில் அரிசி இருந்த இந்த மண்டை. ஆறாவதுக்கென்று இருந்த இன்றைய மனிதனின் பிளாஸ்டர் மண்டை போன வாரம் விழுந்து தூளாகிவிட்டதால், காலித் தட்டில் 'ஓய்வு' என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்.

ஐந்தாவது வந்த கதை தனி. தாளாளர் இராஜாங்கம் தமக்குத் தாமே 'கல்வி வேழம்' என்று பட்டம் அச்சடித்துக்கொண்டவர். பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தபோது, மைத்துனர் பேரில் கொஞ்சம், தொட்டிலில் கிடந்த பேரன் பேரில் கொஞ்சம் எழுதியது போக மிச்சத்தை என்ன செய்வதென்று யோசித்த யோசனையில்தான் அவருக்குக் கல்வித் தாகமே எடுத்தது. அறக்கட்டளை வந்தது, கல்லூரி வந்தது, தோளில் கரைத்துண்டும் வந்தது. அப்படியும் தெற்கு வயலுக்குக் குத்தகைப் பதிவு கேட்டு ஆட்கள் விடாமல் நின்றார்கள். அங்கே ஆழ்குழாய்க்குத் தோண்டியபோது மண்டை கிடைத்தது. சாயங்காலமே பூதலூர் கடைத்தெருவில் மைக் கட்டிவிட்டார்.

"உலகம் தவழ்ந்துகொண்டிருந்தபோது உழுதுகொண்டிருந்தவன் என் தமிழன்! இருபதாயிரம் ஆண்டு! இதோ சாட்சி!"

சாட்சிக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அது வந்துவிட்டால் தெற்கு வயல் ஆராய்ச்சி நிலம், சுற்றி முள்வேலி, குத்தகைக்காரன் கால் வைக்க முடியாது.

"பெரிய புரொபசரெல்லாம் எதுக்கு தம்பி? நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆறு வருசமா டெம்பரவரியாவே இருக்கீங்க, பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றார் இராஜாங்கம், கஷ்டத்தின் சாயலே இல்லாத முகத்தோடு.

கையில் வாங்கிய நொடியே, இது அண்மையில் செத்தவனின் மண்டை என்று வைத்தியலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மண்ணின் நிறம்கூட ஏறாத, கல்லாகவே மாறாத எலும்பு. அதுகூடக் கிடக்கட்டும், பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. பிடரியில் அரிவாள் அகலத்துக்கு ஒரு பிளவு. அவர் பிளவை மெழுகால் அடைத்தார். காவியைப் பிளேடால் சுரண்டினார். தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பிளாஸ்டர் மாதிரிகளைப் பழசாக்க வழக்கமாகச் செய்வதுபோல டீ டிகாஷனில் ஒரு ராத்திரி ஊறப்போட்டார். விடிந்தபோது இருபதாயிரம் வயது ஏறியிருந்தது. கையெழுத்தும் ஏறியது. அடுத்த மாசம் வேலை நிரந்தரம்.

அரிசி வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

"கண்ணாத்தா!"

ஆய்வகம் கூட்டும் கண்ணாத்தாள் விளக்குமாறோடு வந்தாள். அவருடைய சந்தேகமெல்லாம் அவள்மேல்தான். இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. அவள் புருஷன் அரசப்பன், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கப் போன வருஷ அறுவடையில் இராஜாங்கத்தின் களத்துக்குப் போனவன், வீடு திரும்பவில்லை. வேதாரண்யம் உப்பளத்துக்கு ஓடிவிட்டான் என்று களத்தில் இருந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் இன்னும் பொட்டை அழிக்கவில்லை.

"இது வாயில அரிசி போட்டது நீதானே?"

"செத்தவங்களுக்குத்தான சார் வாய்க்கரிசி போடுவாங்க. யாரு செத்தாங்கன்னே தெரியாம நான் யாருக்குப் போடறது?" அவள் தட்டைப் பார்க்கவில்லை; அவரைத்தான் பார்த்தாள். "நீங்கதான் படிச்சவங்க. இது யாருன்னு சொல்லுங்க, போடறேன்."

"இருபதாயிரம் வருசத்துக்கு முந்தின ஆளு."

"அப்படிங்களா." குனிந்து கூட்ட ஆரம்பித்தாள். "அவருக்கும் ஒரு பொஞ்சாதி இருந்திருப்பா."

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கும் உருக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் அரக்கு அப்படியே இருந்தது. கதவைத் திறந்தபோது ஃபார்மலின் நெடிக்கு அடியில் வேறொரு வாசம், மார்கழி மழையில் ஊறிய தெற்கு வயலின் சேற்றையும் மட்கிய நெல் தாளையும் யாரோ வாரிக்கொண்டுவந்து அறைக்குள் கொட்டி மிதித்ததுபோல, ஈரமாக, இதமாக, மூக்கைவிட்டுப் போகாமல் நின்றது. ஐந்தாம் தட்டின் வாயில் ஒரு கைப்பிடி அரிசி. கம்பி அறுந்திருந்தது.

வெளியே மாணவர்கள் வரிசைகட்டிவிட்டார்கள். அரிசியை வாரிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் திணித்தார். மணியை அடித்தார்.

முப்பத்திரண்டு பேர். மழை ஓட்டின்மேல் சீராக விழுந்துகொண்டிருந்தது. பேனாக்கள் கீறின, மணி அடித்தது, செருப்புகள் நகர்ந்தன. வெங்காயத்தின் முன்னால் யோசித்தார்கள். நியாண்டர்தால் முன்னால் முழித்தார்கள். ஐந்தாம் தட்டின் முன்னால் யாரும் யோசிக்கவேயில்லை. குனிந்தார்கள், எழுதினார்கள், நகர்ந்தார்கள்.

ஆறாம் தட்டிலும் எழுதினார்கள்.

காப்பி அடிக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார். இல்லை. ஒவ்வொருவரும் காலித் தட்டைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி தட்டை. பிறகு எழுதினார்கள்.

கடைசியாகத் தாளை நீட்டியவள் ஹமீதா பானு. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண்.

"ஆறாவதுல ஓய்வுன்னு சீட்டு வச்சுட்டு, அப்புறம் ஏன் சார் மண்டை வச்சீங்க?"

"நான் எங்கேம்மா வச்சேன்?"

அவள் தட்டைக் காட்டினாள். விளையாட்டாகச் சொல்லும் முகமில்லை. தயங்கி, "பாத்து எழுதிட்டேன் சார்," என்று போய்விட்டாள்.

தட்டு காலி. தொட்டுப் பார்த்தார். காலிதான்.

தாள்களைப் புரட்டினார். ஐந்தாம் கேள்வி. 'அரசப்பன். பல்லில் வெற்றிலைக் காவி. பிடரியில் அரிவாள் வெட்டு.' அடுத்த தாள். 'அரசப்பன்.' அடுத்தது. வெளியூர் விடுதிப் பிள்ளைகள். அரசப்பனைக் கண்டதே இல்லை. 'அரசப்பன்.' முப்பத்திரண்டும்.

திரும்பிப் பார்த்தார். சுரண்டிய பற்களில் காவி, நேற்றுப் போட்டதுபோலச் சிவந்திருந்தது. மெழுகு மேசைமேல் உருண்டு கிடந்தது.

ஆறாம் கேள்வியை வாசிக்கக் கூடாது என்று நினைத்தார். வாசித்தார்.

'வைத்தியலிங்கம். நெற்றி எலும்பில் டீக் கறை. வாயில் அரிசி.'

பையைத் தடவினார். கைக்குட்டை இருந்தது. முடிச்சு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

வாசலில் கண்ணாத்தாள். கையில் விளக்குமாறு இல்லை. நெற்றியில் பொட்டு இல்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஐந்தாம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாக்கில் ஏதோ பட்டது. சின்னதாக. கூராக. ஒன்று. இன்னொன்று.

கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பச்சரிசி கொட்டியது. ஆறாம் தட்டு நிறைந்தது. வழிந்தது. கொட்டிக்கொண்டே இருந்தது.