பட்டியலில் ஏறாத மேஜை

கப்பலின் வால்பகுதியில், திறந்த வானத்தின் கீழ், இருபத்து நான்கு மேஜைகள். மதியச் சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு அலைக்கும் கப்பல் இடுப்பை ஒருமுறை தூக்கி இறக்க, இருபத்து மூன்று மேஜைகளின் டம்ளர்களிலும் தண்ணீர் விளிம்புவரை ஏறி, கொட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் கைப்பிடிக் கம்பியை ஒட்டியிருந்த கடைசி மேஜையின் டம்ளரில் மட்டும் தண்ணீர் அசையவே இல்லை. வீட்டுச் சமையலறையில் மூடிவைத்த தண்ணீர்போல் கம்மென்று இருந்தது.

அந்த மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர்.

வேறு யார் கண்ணிலும் இது பட்டிருக்காது. அவள் கண்ணில் படாமல் இருந்தால்தான் அதிசயம். இந்தச் சாப்பாட்டுத் தளத்தை வரைந்தவளே அவள்தான். கப்பல் கட்டும் நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் பதினொரு வருஷம். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் 'அங்குலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். சாப்பிடுகிறவனுக்குக் கடல் தெரிய வேண்டும், காற்று படக்கூடாது. புகைபோக்கியின் கரி வெள்ளை விரிப்பில் உட்காரக் கூடாது. மழை பெய்தால் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வடிய வேண்டும். இதற்காக மார்பு உயரக் கண்ணாடித் தடுப்புகளைக் கொஞ்சம் வெளியே சாய்த்து, காற்று தலைக்கு மேலே தாவிப் போகும்படி செய்து, மேஜைகளின் கால்களைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கி, ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நடப்பது வெள்ளோட்டம். ஐந்து நாள். கட்டியவர்களும் அவர்கள் வீட்டாரும்தான் பயணிகள். சமையலறையிலிருந்து கழிப்பறைவரை எல்லாவற்றையும் இவர்கள் பழகிப் பார்த்துக் குறை சொன்ன பிறகுதான் காசு கொடுக்கும் ஜனம் ஏறும். இது மூன்றாம் நாள்.

கப்பலில் ஆடாத இடம் என்று ஒன்று கிடையாது. நடுவயிற்றில் ஆட்டம் குறைவு, தலையிலும் வாலிலும் அதிகம். அவளுக்கு இது பாலபாடம்.

"ஏங்க, உள்ள வாங்க. நடு ஹால்ல ஆட்டம் கம்மி," என்றாள்.

"எதுக்கு? இங்கதான் வயிறு கல்லு மாதிரி நிக்குது." கணவர் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு. மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவர். தரையைத் தவிர எதன்மேலும் நின்று பழக்கமில்லை. ஏறிய நிமிடத்திலிருந்து வாளியும் கையுமாகக் கிடந்தார். "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இந்த ரெண்டு நாள் மாதிரி வயித்தக் கலக்கல அங்குலம். நீ போட்ட மேஜைதானே இது? உன் கைராசிய நீயே நம்பலைன்னா எப்படி?"

அவள் சிரித்துவைத்தாள். அந்த மேஜையை அவள் எப்படிப் போட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் வரைந்தது இருபத்து மூன்றுதான். கடைசி வாரத்தில் முதலாளி தரப்பிலிருந்து ஒருவர் வந்து, அந்த மூலை சும்மாதானே கிடக்கிறது, இன்னொரு ஜோடியை உட்காரவைக்கலாமே என்றார். வரைபடத்தில் ஒரு மேஜையைச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு சாமானும், கதவுக் கைப்பிடி உட்பட, எடைப் பட்டியலில் ஏற வேண்டும். கப்பல் எவ்வளவு சாயும், சாய்ந்தால் எப்படி நிமிரும் என்பதையெல்லாம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கணிப்பார்கள். அதில் ஏற்கெனவே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மூடியிருந்தார்கள். திறந்தால் ஐந்து பேரிடமும் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எழுபது கிலோ. நாற்பதாயிரம் டன் கப்பலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். விட்டதை மறந்தும் போனாள்.

மதியம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குப் போனாள், படுத்தாள், எழுந்தாள். புது வார்னிஷ் வாடையும் டீசல் வாடையும் கலந்து தலையை வலித்தது. சுவருக்குள் எங்கோ இறுக்கப்படாத குழாய் ஒன்று டொக், டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. காலுக்குக் கீழே என்ஜினின் நடுக்கம் முழங்கால்வரை ஏறி இறங்கியது. கணவர் வரவில்லை. மூன்று மணிக்கு வரவில்லை, ஐந்து மணிக்கும் வரவில்லை.

ஏழேகால் மணிக்கு அவள் மறுபடி தளத்துக்குப் போனபோது, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான ஸ்டூவர்ட் படிக்கட்டிலேயே மறித்தார். பருத்த மனிதர், சத்தமாகப் பேசுகிறவர். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"மேடம், நீங்க வரைஞ்சவங்கன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மூல மேஜைக்கு என் ஆளுங்க யாரும் போகமாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"பக்கத்துல போனாலே காது அடைச்சுக்குதாம். நானும் போய்ப் பாத்தேன். தண்ணிக்குள்ள ஆழமா முங்கினா அடைக்குமே, அப்படி. தட்ட வெச்சா சத்தம் வரல." அவர் கையைத் துடைக்கும் துணியை முறுக்கினார். "உங்க வீட்டுக்காரர் மதியத்துலேர்ந்து எழுந்திருக்கல. ஒரே ஒரு சூப்தான் குடுத்தோம். இன்னும் அதையேதான் குடிச்சிட்டிருக்கார்."

அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். பயம் வந்தால் சிலர் சாமியைக் கும்பிடுவார்கள். அவள் அளப்பாள்.

பொழுது சாய்ந்து கடல் ஈயநிறத்துக்கு மாறியிருந்தது. மேஜைகளுக்கு இடையில் நடக்கும்போது காற்று தலைக்கு மேலே ஊ என்று தாவிப்போவது கேட்டது, விரிப்புகளின் ஓரம் படபடத்தது, எங்கோ ஒரு கரண்டி உருண்டது; மூலைக்கு நான்கடி இருக்கும்போது இத்தனை சத்தமும் கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. காதுக்குள் ஒரு கனம். மூக்கில் சேற்று வாடை. நடுக்கடலில் சேறு எங்கிருந்து வரும்?

குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். தரையில் நான்கு போல்ட்டுகளும் முடுக்கியபடியே இருந்தன. மேஜைக் கால்கள் அவற்றின்மேல் இல்லை. ஒரு சாண் பின்னால், கடல் பக்கமாகத் தள்ளி நின்றன. இழுத்த கீறல் இல்லை. பிய்ந்த மரம் இல்லை. காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தது. நாடாவை அதற்குள் விட்டுப் பார்த்தாள். தங்குதடையில்லாமல் போய் மறுபக்கம் வந்தது.

கப்பல் இதைச் சுமக்கவில்லை. பட்டியலில் ஏறாததால் கப்பலுக்கு இப்படி ஒரு மேஜை இருப்பதே தெரியாது. வேறு ஏதோ ஒன்று, துளியும் ஆடாத ஏதோ ஒன்று, இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கப்பல் முன்னால் போகப் போக மேஜை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாடா பொய் சொல்லாது என்பதும் தெரிந்தது.

"எழுந்திரிங்க. அறைக்குப் போலாம்."

கணவர் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. குரல் ஒரு நொடி கழித்து வந்து சேர்ந்தது. "இங்க மட்டும்தான் நிம்மதியா இருக்கு. நீயும் உக்காரேன்."

அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். கைக்கு எடையே இல்லை. பயந்துபோய்ப் பிடியை விட்டாள், கை கீழே விழவில்லை. விட்ட இடத்திலேயே, அந்தரத்தில், விரல்கள் மெல்ல விரிந்தபடி நின்றது. இடுப்பைக் கட்டி இழுத்தாள். உடம்பு லேசாக எழும்பி வந்தது, மேஜையின் ஓரத்தைத் தாண்டும் இடத்தில் நின்றது, கையைத் தளர்த்தியதும் மிதந்தபடி நாற்காலிக்குத் திரும்பியது. மூன்று தரம் இழுத்தாள். மூன்று தரமும் அதேதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. எட்டு மணிக்குக் கப்பல் முழு வேகத்தில் வட்டமடித்துச் சோதிக்கப்படும், திறந்த தளத்தில் இருப்பவர்கள் உள்ளே வந்துவிடவும்.

வட்டமடித்தால் கப்பலின் வால் சுழன்று விலகும். கப்பலோடு ஒட்டாத மேஜை நின்ற இடத்தில் நிற்கும். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் நிற்கும். கடலுக்கு மேல். மணி ஏழு நாற்பது.

அவள் ஓடினாள். ஏழு மாடி. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது.

கப்பலைச் செலுத்தும் அறைக்குப் பக்கத்து அலுவலகத்தில் இரண்டாம் அதிகாரி காலை நீட்டிப்போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளைஞர், மரியாதைக்காரர், அவசரம் தெரியாதவர்.

"கப்பலத் திருப்பாதீங்க. பின்தளத்துல ஒரு மேஜை கழண்டிருக்கு. என் வீட்டுக்காரர் அதுல இருக்கார்."

"அவர எழுந்து வரச் சொல்லுங்க மேடம். ஒரு மேஜைக்காக கேப்டன்கிட்ட போய் நிப்பாட்டுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? கரைலேர்ந்து நேரம் குறிச்சுப் பாத்துட்டிருக்காங்க."

"எடைப் பட்டியல் எங்க?"

"இப்பவா? காலைல எழுதிக்கலாமே."

"எங்கன்னு கேட்டேன்!"

அவர் மிரண்டு அலமாரியைக் காட்டினார். கனத்த கோப்பு. வெள்ளோட்டத்தில் கண்டுபிடிக்கும் திருத்தங்களை எழுத விட்டிருந்த பக்கங்கள். மரச்சாமான், பின்தளம். பேனாவை எடுத்தாள். பதினொரு வருஷப் பழக்கம் கையைப் பிடித்து எழுதவைத்தது. மேஜை, ஒன்று. நாற்காலி, இரண்டு. எடை. வாலிலிருந்து தூரம். உயரம். கையெழுத்து. ஐந்து பேர் கட்டத்திலும் அவளே கையெழுத்துப் போட்டாள். வேலை போனால் போகட்டும். ஜெயிலுக்கே போகிறேன். அவர் எழுந்து வந்தால் போதும்.

சுவரில் மணி ஏழு ஐம்பத்தேழு. கீழே ஓடினாள்.

படிக்கட்டில் இருக்கும்போதே கப்பல் திரும்ப ஆரம்பித்துவிட்டது. சுவர்கள் சாய்ந்தன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு, ஒரு காலில் இல்லாமல், கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு தளத்துக்கு வந்தாள்.

சத்தம் இருந்தது. மூலைவரைக்கும் சத்தம் இருந்தது! காற்று, கண்ணாடி, என்ஜின், எல்லாம். கடைசி மேஜை மற்ற மேஜைகளோடு சேர்ந்து சாய்ந்தது. கால்கள் நான்கும் போல்ட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. சூப் கிண்ணம் வழுக்கி விழுந்து உடைந்தது, அந்தச் சத்தம் அவளுக்குத் தேனாக இனித்தது. மேஜை வந்துவிட்டது. கப்பல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மேஜையைக் கட்டிக்கொண்டாள்.

நாற்காலி இரண்டும் இருந்தன.

இரண்டும் காலி.

"ஏங்க?"

உள்ளே போயிருப்பார். எழுந்து போயிருப்பார். திரும்பிப் பார்த்தாள். கதவருகே ஸ்டூவர்ட் நின்றிருந்தார். அவர் இவளைப் பார்க்கவில்லை. இவள் தலைக்கு மேலே, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

மேஜை ஒன்று. நாற்காலி இரண்டு. மரச்சாமான் பக்கத்தில் ஆளை எழுதுவதில்லை. ஆட்களுக்கு வேறு பக்கம். கை பழகியதை எழுதியது. கை எழுதியது மட்டும் வந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்லப் பார்த்தாள்.

கப்பல் வளைந்து போன தடத்தில் நுரை வெள்ளையாக வட்டமிட்டுக் கிடந்தது. தளத்து விளக்குகளின் கடைசி வெளிச்சம் எட்டும் தூரத்தில், அந்த நுரைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, வெறும் காற்றில், அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்து, முழங்கால் மடங்கி. அடியில் நாற்காலி இல்லை. காற்று அவர் சட்டையைத் தொடவில்லை. தலைமயிர் மட்டும் மேல்நோக்கி, மெதுவாக அலைந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டாள். குரல் அங்கே போய்ச் சேரவில்லை.

தூரம் கூடியது. வெளிச்சம் குறைந்தது. கடைசியாகத் தெரிந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முன்னால் இருந்த மேஜை எங்கே போயிற்று என்று, கண் தெரியாதவர்போல், இரண்டு கைகளாலும் இருட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.