ஒன்பதாம் வளைவின் மூடாக்கு

மழை சற்று ஓய்ந்திருந்தது. தவமணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மலைச்சாலையின் ஒன்பதாம் வளைவுச் சரிவில் ஏறினாள். சணல் வலையை விரித்து முளையடித்தாள். மூட்டையைப் பிரித்து, மண் கரையாமல் போர்த்தும் மூடாக்கை அள்ளித் தூவினாள். நடுநடுவே வெட்டிவேர் நாற்று வைத்தாள். சாலைக்குக் கீழேதான் அவள் வீடு. அங்கே தூளியில் மகள் தூங்குகிறாள். மண் சரிந்தால் முதலில் புதைவது அந்தக் கூரைதான்.

"மாடசாமி அண்ணே, வேரை நல்லாப் புடிச்சுக்கோங்க," என்றாள் கையிலிருந்த கரிய மூடாக்கிடம்.

மாடசாமி போன வாரம்வரை அடுத்த வீட்டில் இருந்தவர். கீழ்நாடு முழுக்கக் கடலுக்குள் போனபிறகு வைக்கோல் ஏது, தென்னைநார் ஏது? வெறும் மண்ணில் வேர் பிடிப்பதற்குள் மழை எல்லாவற்றையும் கரைத்துவிடும். அதனால் மலைநகரில் யாரையும் எரிப்பதில்லை, புதைப்பதுமில்லை. மக்குகலம் என்கிற எந்திரம் செத்த உடலை ஒரே இரவில் மக்கவைத்து மூடாக்காக்கிவிடும். அவரவர் குடியிருந்த சரிவுக்கே அது போகும். கொடுமைதான். ஆனால் சாலை இன்னும் நிற்பது அதனால்தான்.

மண் நகர்வதை அளக்கும் சரிவுணரி எச்சரிக்கை மஞ்சளாய் மின்னியது. மேஸ்திரி பிலோமினா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மூட்டை தீந்துபோச்சு. மேல பாதி மொட்டையாக் கெடக்கு. அடுத்த வாரம் புயலாம்." கொஞ்சம் தயங்கினாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு எப்படியிருக்கு?"

"காய்ச்சல் தணிஞ்சிருக்குக்கா."

"அப்படியா."

பிலோமினாவின் முகம் தொங்கிப்போனது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நலம் விசாரிக்கிற லட்சணமா இது? நாசமாய்ப் போக! கயிற்றை அவிழ்த்தெறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மாதக்கணக்கில் படுத்தே கிடந்த அவள் கணவன் இருளப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெற்றி குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் விட்டுருச்சு தவம். பசிக்குது," என்று சிரித்தான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அவன் முதல் வாய் குடிக்கும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் கண் அவளை மீறிச் சன்னலுக்குப் போனது. மேலே மொட்டை மண். பிறகு தூளி. பிறகு அவன் உடம்பு. ஒரு கணம்தான்.

அவன் பார்த்துவிட்டான். கிண்ணத்தை மெல்லத் தரையில் வைத்தான்.

"போதும். பசியில்ல."

தினமும் அதட்டியும் கெஞ்சியும் கடைசிச் சொட்டுவரை குடிக்கவைப்பவள் அவள். இன்றும் வாயைத் திறந்தாள். மழை வலுத்தது. மிச்சக் கஞ்சியோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.